அரிசிச் சாக்கில் ஒரு கப்பல்

என் மகள் என்னை நேரில் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை, "ஹாய் அங்கிள்."

ஹூஸ்டன் விமான நிலையத்தில் இரண்டு பெட்டிகளோடும் பதினொரு மாதக் கப்பல் அலுப்போடும் நான் வந்து நின்றபோது அவளுக்கு நான்கரை வயது. இரட்டைப் பின்னல் போட்டு, அம்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டு, வீட்டுக்கு வரும் எல்லாத் தமிழ் ஆண்களிடமும் காட்டச் சொல்லிக்கொடுத்திருந்த அதே மரியாதையோடு சொன்னாள். என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

"அங்கிள் இல்லடி, அப்பா! அப்பா வந்திருக்காரு பாரு!"

மகள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு, அம்மாவுக்கு விவரம் போதவில்லை என்பதுபோல், "நோ. அப்பா இஸ் இன் த ஷிப்," என்றாள்.

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. நான் சரக்குக் கப்பலில் இன்ஜினியர். தாராபுரம் பக்கத்தில் பிறந்தவன். பத்தொன்பது வயதுவரை கடலைப் பார்த்ததில்லை. அதற்கப்புறம் பதினாறு வருடம் கடலிலேயே கிடந்தேன், அப்போதும் அதிகம் பார்த்துவிடவில்லை. இன்ஜின் ரூம் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருக்கும். அங்கே ஜன்னல் கிடையாது. என் மனைவி சென்னைக்காரி. ஹூஸ்டனில் ஒரு மருத்துவமனை லேபில் வேலை கிடைத்துத் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இங்கே வந்துவிட்டாள். மகள் பிறந்ததும் இங்கேதான். அப்போது நான் பிரேசில் கரையோரம் இருந்தேன். செய்தி ரேடியோ அறையிலிருந்து ஒரு துண்டுத் தாளில் வந்தது. உடனே கிளம்பலாம் என்றால், என் இடத்துக்கு வரவேண்டிய ஆள் வந்துசேரவில்லை. கப்பலில் மாற்றாள் வந்து பொறுப்பை வாங்கிக்கொள்ளாமல் இன்ஜினியர் இறங்க முடியாது. நான் இறங்கி வந்தபோது பிள்ளைக்கு ஐந்து மாதம். அடுத்த தடவை பார்த்தபோது ஒன்றரை வயது, இன்னும் பேச்சு வரவில்லை. அதன் பிறகு லீவு கிடைத்தால் விசா கிடைக்காது, விசா கிடைத்தால் லீவு கிடைக்காது.

ஆகவே அவளுக்கு அப்பா என்பது ஞாயிற்றுக்கிழமை காலை போனில் வரும் ஒரு குரல். கடலில் இருந்தால் இரண்டு நிமிடம், துறைமுகத்தில் இருந்தால் கொஞ்சம் கூடுதல். ஒவ்வொரு தடவையும், "சீக்கிரம் வந்துடறேன் கண்ணு" என்று முடிப்பேன். இனிமேல் கப்பலே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறேன், அவள் என்னை அங்கிள் என்கிறாள்.

ஹூஸ்டனை ஒட்டிய சுகர் லேண்டில் எங்கள் அபார்ட்மென்ட் தரைத்தளத்தில் இருந்தது. மனைவியின் விசாவை ஒட்டிக்கொண்டு வந்தவன் என்பதால் எனக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. அந்த வளாகத்தில் இப்படி டிபென்டென்ட்டாக வந்த தமிழர்கள் பதினான்கு பேர். பதிமூன்று பெண்கள், அப்புறம் நான். லைசென்ஸும் இல்லை. ஐந்து மாடி உயர இன்ஜினை ஓட்டியவனை, இரண்டு கம்புகளுக்கு நடுவில் காரைச் சொருகத் தெரியவில்லை என்று ஒரு சின்னப் பையன் ஃபெயில் பண்ணிவிட்டான். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

அதனால் மகளை டேகேரில் விடுவதும் கூட்டிவருவதும் மனைவியின் வேலையாகவே இருந்தது. ஃப்ரீவேயில் மாட்டிக்கொண்டு தினமும் தாமதமாகத்தான் போவாள். டேகேரில் மற்ற பிள்ளைகள் எல்லாம் போன பிறகு இவள் மட்டும் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாளாம். "சாரி கண்ணா, ஃப்ரீவேல ட்ராஃபிக்" என்று அம்மா சொன்னதும் "ஓகே" என்று எழுந்து வந்துவிடுவாளாம். அந்த வீட்டில் எல்லாத் தாமதத்துக்கும் அது ஒன்றுதான் காரணம். அதைச் சொன்ன பிறகு மேல்விசாரணை கிடையாது.

வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை காலை, மகள் போனுக்குப் பக்கத்தில் ஒரு குட்டி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். நான் சோபாவில், பத்தடி தூரத்தில் இருந்தேன். அவள் போனைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். அரை மணி நேரம் போயிற்று. எனக்குப் பொறுக்கவில்லை.

நான் செய்ததைப் புத்திசாலித்தனம் என்றுதான் அப்போது நினைத்தேன். மாடி வீட்டில் ஒரு கோயம்புத்தூர்ப் பெண்மணி இருந்தார், பதிமூன்று பேரில் ஒருவர். படியேறிப் போய், அவர் வீட்டுப் போனிலிருந்து என் வீட்டுக்கே போன் பண்ணினேன்.

"ஹலோ கண்ணு, அப்பா பேசறேன்."

"அப்பா!" என்று கத்தினாள். தரை வழியாகவே கேட்டது. "தேர் இஸ் அன் அங்கிள் இன் அவர் ஹவுஸ்!"

"அப்படியா? எப்படி இருக்காரு அந்த அங்கிள்?"

யோசித்தாள். "ஹி ஈட்ஸ் எ லாட் ஆஃப் தயிர்."

"நல்லவரா?"

"ஹி இஸ் ஓகே. வென் ஆர் யூ கமிங்?"

"சீக்கிரம் வந்துடறேன்," என்றேன். நான்கு வருடமாகச் சொல்லிப் பழகிய வாய், தானாகவே சொல்லிவிட்டது.

கீழே வந்தால் மனைவி இடுப்பில் கைவைத்து நிற்கிறாள். "அறிவிருக்கா உங்களுக்கு? நான் ஒரு வாரமா அப்பாதான் இவருன்னு சொல்லிட்டு இருக்கேன். நீங்க மாடில இருந்து போன் பண்ணி, அப்பா வேற, அங்கிள் வேறன்னு ப்ரூவ் பண்ணிட்டு வர்றீங்க!"

மகள் என் பக்கம் திரும்பி, ஒரு நல்ல செய்தியைப் பகிர்ந்துகொள்ளும் முகத்தோடு, "அப்பா கால்டு," என்றாள்.

அதற்கப்புறம் நான் அவளைத் தொந்தரவு பண்ணவில்லை. கைக்கு ஏதாவது வேலை கொடுக்காவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும் என்று தோன்றியது. எனக்குத் தெரிந்த கைவேலை ஒன்றுதான்: உல்லன் நூலில் கப்பல் தைப்பது.

இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. இங்கிலாந்தில் ஒரு துறைமுகத்தில், கப்பல்காரர்கள் டீ குடித்துவிட்டு வீட்டுக்கு போன் பேசும் விடுதி ஒன்றின் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். மூன்று பாய்மரம், நாலு மூலையிலும் கொடி, நீலத்தில் மூன்று வகைக் கடல், எல்லாமே கம்பளி நூல். யாரோ மாலுமியின் மனைவி போட்டது என்று நினைத்தேன். டீ ஊற்றிய அம்மாள், இல்லை, பாய்மரக் காலத்து மாலுமிகளே போட்டது என்றார். பாய்க்குப் போக மிஞ்சிய துணியில், காற்றில்லாத நாட்களில், தான் வேலை பார்த்த கப்பலையே பக்கவாட்டில் வரைந்து தைப்பார்களாம். கயிறு ஒன்று தப்பினால்கூட மற்றவர்கள் கேலி பண்ணியே கொன்றுவிடுவார்களாம். நான் அதைச் சுவரிலிருந்து கழற்றித் திருப்பிப் பார்த்து, நன்றாகத் திட்டு வாங்கினேன். ஆனால் பின்பக்கத்தைப் பார்த்ததும் வேலை விளங்கிவிட்டது. நீளநீளமான தையலைப் பக்கத்தில் பக்கத்தில் படுக்கவைத்து நிரப்பிக்கொண்டே போகவேண்டும், கயிறுகளைக் கடைசியில் ஒற்றை நூலாக எல்லாவற்றுக்கும் மேலே இழுத்துக் கட்டவேண்டும். கப்பலுக்குத் திரும்பியதும் என் நீல ஸ்வெட்டரைப் பிரித்துக் கடல் போட ஆரம்பித்தேன்.

சுகர் லேண்டில் பாய்த்துணிக்கு எங்கே போவது? ஹில்கிராஃப்ட் தெரு இந்தியக் கடையில் வாங்கிய பாஸ்மதி அரிசி சணல் சாக்கில் வரும். அதைப் பிரித்துத் துவைத்து, பழைய படச் சட்டத்தில் ஆணியடித்து இழுத்துக் கட்டினேன். நூல் வாங்க மாடி வீட்டுப் பெண்மணிதான் காரில் கூட்டிப்போனார். நூல் கடையில் இருந்ததில் பாதி, ஆட்டையே பார்த்திராத பிளாஸ்டிக் நூல். ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து, முணுமுணுத்து, நல்லதைப் பொறுக்கி எடுக்க ஒரு மணி நேரமாயிற்று. அவர் பொறுமையாக நின்றார்.

"ஏனுங்ணா, எங்கூட்டுக்காரருக்கு ஒரு பட்டன் வச்சுத் தைக்கத் தெரியாதுங்க," என்றார். "உங்களக் காட்டி நான் இன்னைக்கு வீட்ல சண்டை போட்டுக்கட்டுமுங்களா?"

என் கடைசிக் கப்பலைத்தான் தைத்தேன். கறுப்பு உடம்பு, சிவப்பு அடிப்பாகம், மஞ்சள் கிரேன் நான்கு, பின்னால் வெள்ளைக் கட்டடம், அதன்மேல் புகைபோக்கி. அழகில்லாத கப்பல். ஆனால் ஒரு ஏணி, ஒரு விளக்கு விடாமல் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. இரண்டு வாரத்தில் கப்பல் மிதந்தது.

அப்போதுதான் மகள், தானாக, முதன்முதலாக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இஸ் தட் அப்பா'ஸ் ஷிப்?"

"ஆமா கண்ணு."

குனிந்து, மூக்கு நூலில் படும் அளவுக்குப் பார்த்தாள். "வேர் இஸ் அப்பா?"

இந்த மாதிரிப் படங்களில் ஆட்களைப் போடும் வழக்கமில்லை. கப்பல் மட்டும்தான். போட்டாலும், இன்ஜின் ரூம்காரன் வெளியிலிருந்து எப்படித் தெரிவான்? "உள்ள இருக்காரு. கீழ. வெளியில தெரிய மாட்டாரு," என்றேன். அவள் சட்டத்தை இரண்டு கையாலும் தூக்கித் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தாள். அந்த விடுதிச் சுவரில் நான் செய்த அதே காரியம். முடிச்சுகள்தான் இருந்தன. "நாட் தேர்," என்று வைத்துவிட்டாள். அவள் முகம் விழுந்துபோனது.

அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, எந்தக் கப்பல்காரனும் செய்யக் கூசும் காரியத்தைச் செய்தேன். சிவப்பு அடிப்பாகத்தில், தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, தையலைப் பிரித்து ஓட்டை போட்டேன். நிஜத்தில் அந்த இடத்தில் அப்படி ஓட்டை விழுந்தால் என் இன்ஜின் ரூமே மூழ்கிவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு அதை ஒரு ஜன்னலாக்கி, உள்ளே கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு ஆளைத் தைத்தேன். ஆரஞ்சு நூல், ஏனென்றால் எங்கள் பாய்லர் சூட், கழுத்திலிருந்து கால்வரை ஒரே துண்டாகப் போடும் வேலை உடுப்பு, ஆரஞ்சு நிறம். என்னுடையது பெட்டியிலேயே கிடந்தது. எத்தனை துவைத்தாலும் டீசல் வாசனை போகாது என்று மனைவி அதை அலமாரியில் வைக்க விடவில்லை.

"ஹாய் அப்பா!" என்று மகள் நூலுக்கு முத்தம் கொடுத்தாள். பிறகு என்னைப் பார்த்து மலர்ந்து சிரித்தாள். "தேங்க் யூ, அங்கிள்."

அன்றிலிருந்து டேகேர் விட்டு வந்ததும் ஷூவைக் கழற்றி எறிந்துவிட்டு நேரே சாக்குக்குத்தான் ஓடுவாள். யார் அவளைத் தள்ளினார்கள், மதியம் என்ன கொடுத்தார்கள், எல்லாம் ஆரஞ்சு ஆளிடம் ஒப்பிப்பாள். சட்டம் சாயாமல் பிடித்துக்கொள்வது அங்கிளின் வேலை. நூலின்மேல் பொறாமைப்பட்டவன் உலகத்தில் நான் ஒருவன்தான் இருப்பேன்.

ஒரு சனிக்கிழமை எங்கள் வீட்டில் நாலு குடும்பம் ஆளுக்கொன்று சமைத்துக் கொண்டுவரும் பாட்லக் சாப்பாடு. மகள் எல்லோரையும் சாக்குக்கு முன்னால் கூட்டிப்போய் நிறுத்தி, "திஸ் இஸ் மை அப்பா," என்று ஆரஞ்சு ஆளைக் காட்டினாள். அப்புறம் என் பக்கம் கையை நீட்டி, "தட் அங்கிள் மேட் இட். ஹி லிவ்ஸ் ஹியர்," என்றாள். ஒரு நொடி எல்லோரும் தயிர்சாதமும் கையுமாக நின்றுவிட்டார்கள். அப்புறம் வீடே அதிரச் சிரித்தார்கள். "ஏனுங்ணா, அந்த அங்கிள் வாடகை கரெக்ட்டாக் குடுக்கறாருங்களா?" என்று மாடி வீட்டுப் பெண்மணி கேட்டார். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு கிச்சனுக்குப் போய், தேவையில்லாமல் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன். எனக்கு வலித்தது. இவள் வாயால் ஒரு தடவை அப்பா என்று கேட்காமலே இவள் வளர்ந்துவிடுவாளோ என்று பயமாகவும் இருந்தது.

அங்கே நிற்கும்போதுதான் ஒன்று உறைத்தது. அவள் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. அப்பா கப்பலில் இருக்கிறார், இறங்கியதை யாரும் பார்க்கவில்லை. அப்படியானால் அவரை முறைப்படி இறக்கவேண்டும்.

மறுநாள் மகளிடம், "அப்பா கப்பல்ல இருந்து இறங்கப் போறாரு," என்றேன். அவள் துள்ளிக் குதிக்கவில்லை. கப்பலைப் பார்த்தாள். இன்ஜினை ஓட்டுவது அப்பாதான் என்று நானே சொல்லிவைத்திருந்தேனே. "ஹூ வில் டேக் கேர் ஆஃப் த ஷிப்?" என்றாள்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. இன்ஜினியர் பெற்ற பிள்ளை! "கரெக்ட். மாத்தாள் வராம யாரும் இறங்க முடியாது. மொதல்ல அவரை வரவைப்போம்."

வலது ஓரத்தில் கடலைக் கொஞ்சம் பிரித்து, பழுப்பு நூலில் கரை கட்டினேன். கப்பலிலிருந்து கரைக்கு இறங்கும் ஏணிப்படி ஒன்றும் சாய்த்து வைத்தேன். திங்கட்கிழமை கரையில் பச்சை நூலில் ஒரு ஆள் பெட்டியோடு வந்து நின்றான். செவ்வாய்க்கிழமை அவனைப் பிரித்து ஏணிப்படியில் தைத்தேன், புதன்கிழமை மேல்தளத்தில். தினமும் ஒரு நகர்வு. நான் பிரிக்கப் பிரிக்க மகள் பழைய நூலை விரலில் சுற்றிக்கொள்வாள். வியாழக்கிழமை அந்தச் சின்ன ஜன்னலுக்குள் பச்சையும் ஆரஞ்சும் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். எந்தப் பம்ப் ஒழுகும், எந்த வால்வு அடம்பிடிக்கும் என்று ஒருவர் மற்றவருக்குச் சொல்லிக் கொடுக்கும் நாள் அது. அவசரப்படக்கூடாது என்று விளக்கினேன். "கிவ் தெம் டூ டேஸ்," என்று அனுமதி கொடுத்தாள்.

மனைவிக்குத்தான் கவலை. "நூலைப் பிரிச்சு எடுத்துடுவீங்க சரி. அப்புறம் அப்பா எங்கன்னு அவ கேட்டா? அப்பவும் உங்கள அங்கிள்னே கூப்பிட்டா? இருக்கற அந்த நூல் அப்பாவும் போயிடுவாரு."

நான் ஊசியில் அடுத்த நூலைக் கோத்தேன். சனிக்கிழமை ஆரஞ்சு ஆள் கீழ்த்தளத்தை விட்டு மேலே வந்தான், ஞாயிற்றுக்கிழமை ஏணிப்படியில் நின்றான். அந்த ஞாயிறு மகள் போன் பக்கம் போகவே இல்லை. திங்கட்கிழமை சாயங்காலம் அவன் கரையில் நின்றான். செவ்வாய்க்கிழமை அவள் டேகேரிலிருந்து வந்ததும் ஊசியால் முடிச்சை மட்டும் தளர்த்திவிட்டு, நூல் முனையை அவள் கையில் கொடுத்தேன். மெதுவாக இழுத்தாள். கால், உடம்பு, தலை என்று ஆரஞ்சு முழுவதும் அவள் கைக்கு வந்துவிட்டது. கரை காலியாக இருந்தது.

அவள் சாக்கைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. எழுந்து ஓடிப்போய் வாசற்கதவைத் திறந்து வெளியே எட்டிப் பார்த்தாள்.

யாரும் இல்லை. பார்க்கிங்கில் நிற்கும் கார்கள்தான். அப்படியே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள், "ஏதாவது பண்ணுங்க" என்கிற பார்வை. சட்டென்று எனக்குப் பெட்டி ஞாபகம் வந்தது.

பெட்டியைத் திறந்து பாய்லர் சூட்டை எடுத்து, சட்டைக்கு மேலேயே மாட்டி, பின்பக்கக் கதவு வழியாக வெளியே குதித்தேன். டெக்சாஸ் வெயில் சாயங்காலத்திலும் அடுப்பு. கட்டடத்தைச் சுற்றி வெறுங்காலோடு ஓடினேன். மாடி வீட்டுப் பெண்மணி பால்கனியில் துணி எடுத்துக்கொண்டிருந்தவர், "ஏனுங்ணா, எங்கீங்க நெருப்பு?" என்று கத்தினார். பதில் சொல்ல நேரமில்லை.

மூச்சு வாங்க வாசலில் போய் நின்றேன். மகள் கதவைப் பிடித்தபடி அங்கேயே இருந்தாள். என் காலிலிருந்து ஆரம்பித்து ஆரஞ்சைப் பார்த்துக்கொண்டே மேலே வந்தாள். தன் கையில் இருந்த நூலை என் முழங்காலோடு வைத்துப் பார்த்தாள், நிறம் ஒத்துப்போகிறதா என்று. கிட்டே வந்து டீசலை முகர்ந்தாள். கடைசியில்தான் முகத்துக்கு வந்தாள். அங்கே வெகுநேரம் நின்றாள்.

அம்மாவைப் போலவே இடுப்பில் கை வைத்தாள்.

"அப்பா," என்றாள். "யூ ஆர் லேட்."

நாலரை வருடம். பிரேசிலில் வராமல் போன மாற்றாள், கிடைக்காத லீவு, வராத விசா, போனில் சொன்ன அத்தனை சீக்கிரமும் வரிசையாக நினைவுக்கு வந்தன. அந்த வீட்டில் செல்லுபடியாகும் ஒரே பதில்தான் வாயில் வந்தது.

"சாரி கண்ணு. ஃப்ரீவேல ட்ராஃபிக்."

கொஞ்சம் யோசித்தாள்.

"ஓகே," என்று கதவை அகலமாகத் திறந்துவிட்டாள்.